பெயருக்காக ஒரு பிளவு: ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் அதன் ஹோவர்டு கிளையும்

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொள்ளும் மாணவியர் சங்கங்களை ‘சொராரிட்டி’ என்கிறார்கள். கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதல் சொராரிட்டியான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908 ஜனவரி 15 அன்று பிறந்தது. அந்த நாளைத்தான் சங்கம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. ஆனால் சங்கத்தின் இயல்பைத் தீர்மானித்தது 1912இல் மூண்ட ஒரு பெயர்ச் சண்டை என்பதே என் கருத்து.

செயிண்ட் லூயிஸிலிருந்து படிக்க வந்த எத்தல் ஹெட்ஜ்மன், ஹோவர்டு ஆசிரியை எத்தல் ராபின்சன் தம் பிரவுன் பல்கலைக்கழக நாள்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுத் தோழியரைத் திரட்டினார். முதலில் ஒன்பது பேர். அதே ஆண்டில் இன்னும் ஏழு பேர். வெளிர் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும் நிறங்கள், ஐவி இலை சின்னம். பண்பாட்டாலும் தகுதியாலும் உயர்வது நெறி. அப்போது அது ஒரே வளாகத்துக்குள் அடங்கிய மன்றம், அவ்வளவுதான்.

1912இல் உறுப்பினராயிருந்த 22 மாணவியருக்கு இது போதவில்லை. பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பொதுவாழ்வில் இறங்கும் அமைப்பாக அதை ஆக்க விரும்பினர். படிப்பை முடித்து வெளியேறியிருந்த முன்னாள் தலைவி நெல்லி குவாண்டர் இதை ஏற்கவில்லை. முடிவைக் கைவிடக் கெடு விதித்தார். அவர்கள் மசியவில்லை. 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டா என்ற தனிச் சங்கம் கண்டனர். மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண் வாக்குரிமை ஊர்வலத்திலும் நடந்தனர். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் சிலர் எண்ணிய ஊர்வலம் அது.

குவாண்டரும் சும்மா இருக்கவில்லை. ஜனவரி 29 அன்று பழைய பெயரைச் சட்டப்படி பதிவு செய்தார். வேறு ஊர்களில் கிளை பரப்பும் உரிமை சங்கத்துக்கு அதனால் உறுதியானது. அதே ஆண்டில் சிகாகோவில் ‘பீட்டா’ கிளை எழுந்தது. மரம் இருந்தால்தானே கிளை! தாய் மன்றம் ‘ஆல்ஃபா’ கிளை என்று பொருள்பட நின்றது இதன் பிறகுதான். பட்டம் பெற்ற பிறகும் உறுப்பினராய்த் தொடரும் வழக்கமும் சங்கத்துக்கு வலுவூட்டியது.

பெயரைக் காத்தவர்கள் பழமைவாதிகள், பிரிந்தவர்களே செயல்வீரர்கள் என்று கணக்கை முடித்துவிடலாமா? மிசிசிப்பி அதற்கு இடம் தரவில்லை. 1935இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா அங்கே ஹோம்ஸ் மாவட்டத்தில் கோடைக்கால மருத்துவ முகாம்களைத் தொடங்கியது. தலைமை ஏற்றவர் ஹோவர்டைச் சேர்ந்த மருத்துவர் டோரதி ஃபெரபீ. பருத்தித் தோட்ட முதலாளிகள் குத்தகைக் கூலிகளை முகாமுக்கு அனுப்ப மறுத்தனர். பெண்கள் தடுப்பூசிகளைக் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போனார்கள். இடுப்பில் துப்பாக்கியோடு குதிரையேறிய கங்காணிகள் காரை ஒட்டியே வந்து, கூலிகளிடம் என்ன கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான், பெரியம்மைத் தடுப்பூசிகள் போடப்பட்டன. 1940களின் தொடக்கம் வரை பணி தொடர்ந்தது.

இதை மட்டும் சொன்னால் அது சங்கத்தின் விழா மலராகிவிடும். ஹோவர்டிலேயே பாடம் நடத்திய சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், இத்தகைய சங்கங்கள் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் பகட்டை வளர்ப்பதாக 1950களில் சாடினார். முத்துமாலைகளையும் விருந்துகளையும் பார்த்தால் அவர் குற்றச்சாட்டை ஒரேயடியாகத் தள்ள முடியாது.

சென்னையில் பிறந்து 1958இல் அமெரிக்கா சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1986இல் இந்த ஆல்ஃபா கிளையில்தான் சேர்ந்தார். 2020இல் அவர் துணை அதிபர் வேட்பாளரானபோது, வழக்கத்துக்கு மாறான ஒரு தொகையில் நன்கொடைகள் குவிந்தன: 19 டாலர் 8 சென்ட்.