சீட்டு வித்தை

சீட்டு வித்தை என்பது சீட்டுக்கட்டைக் கொண்டு பார்வையாளருக்கு வியப்பூட்டும் தந்திரக் கலை ஆகும். இது கண்கட்டு வித்தையின் ஒரு பிரிவு. இதில் கையாளப்படும் முறைகளைக் கைத்திறன் முறை, தந்திரச் சீட்டு முறை என இரண்டாகப் பிரிக்கலாம். முன்னதில் சீட்டுக்கட்டு கடையில் விற்கும் சாதாரணக் கட்டு; மறைபொருள் வித்தைக்காரரின் விரல்களில் உள்ளது. பின்னதில் மறைபொருள் சீட்டிலேயே உள்ளது. இவற்றுள் எது உயர்ந்தது என்பது வித்தைக்காரர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் விவாதம் ஆகும். சீட்டுக்குப் பதிலாகக் கிண்ணம், கோல் முதலியவற்றைப் பயன்படுத்திய தமிழகத் தெரு வித்தைகளிலும் இவ்விரு வழிகளையும் காணலாம்.

வரலாறு

ஆங்கிலத்தில் சீட்டு வித்தைகளை விளக்கிய தொடக்ககால நூல்களுள் ஒன்று 1584இல் ரெஜினால்டு ஸ்காட் எழுதிய நூல் ஆகும். சூனியக்காரர் எனக் குற்றஞ்சாட்டி மக்களைத் தண்டித்த காலம் அது. வியப்பூட்டும் செயல்கள் பல வெறும் கைத்திறனே என்று காட்டுவதற்காக ஸ்காட் வித்தைகளின் மறைபொருளை வெளியிட்டார்.

1902இல் எர்டுனேசு என்னும் புனைபெயரில் ஒருவர் சிக்காகோவில் வெளியிட்ட நூல் கைத்திறன் முறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகின்றது. அதன் முற்பகுதி சூதாட்ட மேசையில் செய்யும் ஏமாற்றுக்களையும், பிற்பகுதி மேடை வித்தைகளையும் விளக்குகின்றது. இரண்டுக்கும் தேவையான விரற்பயிற்சி ஏறத்தாழ ஒன்றே.

கைத்திறன் முறை

இம்முறையின் முக்கிய உத்திகள் வருமாறு:

* இரட்டைத் தூக்கல் - இரண்டு சீட்டுக்களை ஒன்றுபோல் எடுத்துக் காட்டுதல். பார்வையாளர் மேற்சீட்டைப் பார்த்ததாக நினைக்கிறார். உண்மையில் அவர் பார்த்தது இரண்டாம் சீட்டு.
* உள்ளங்கையில் மறைத்தல் - சீட்டை உள்ளங்கையில் ஒளித்துக் கட்டிலிருந்து நீக்குதல்.
* திணித்தல் - பார்வையாளர் தாமே விரும்பி எடுத்ததாக நம்பும்படி, குறித்த சீட்டை எடுக்கச் செய்தல்.
* பொய்யாகக் கலைத்தல் - கலைப்பது போல் தோன்றினாலும் சீட்டுக்களின் வரிசை மாறாமல் காத்தல்.

இவ்வுத்திகளைக் கற்பதற்கு நீண்ட நாட் பயிற்சி தேவை. அசைவு விரைவாக இருப்பதை விட இயல்பாக இருப்பதே முதன்மையானது. கண்ணைவிடக் கை வேகமானது என்னும் கருத்து பரவலாக இருப்பினும் அது சரியன்று. பார்வையாளரின் கவனம் பேச்சாலும் பார்வையாலும் வேறிடம் திருப்பப்படும் நொடியிலேயே அசைவு நிகழ்கின்றது.

தந்திரச் சீட்டு முறை

வெட்டியோ, ஒட்டியோ, பூச்சுப் பூசியோ மாற்றியமைக்கப்பட்ட சீட்டுக்கள் தந்திரச் சீட்டுக்கள் ஆகும். வித்தைக்காரர்கள் இவற்றைக் கிம்மிக் சீட்டு என்றும் அழைப்பர்.

* சரிவுக் கட்டு - சீட்டின் ஒரு முனை மறுமுனையைவிடச் சற்றே குறுகலாக இருக்கும். ஒரு சீட்டைத் திருப்பிச் செருகினால் அதன் அகன்ற முனை வெளியே நீட்டி நிற்கும். விரல் தடவியே அதனை உருவிவிடலாம்.
* சுவெங்காலி கட்டு - 1909இல் பர்லிங் ஹல் உருவாக்கியதாகக் கூறப்படுகின்றது. பாதிச் சீட்டுக்கள் ஒரே சீட்டின் படிகள். அவை சற்றே குட்டையானவை. இவை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். விரலால் சரித்துக் காட்டும்போது எல்லாம் வெவ்வேறு சீட்டுக்களாகத் தெரியும். இடையில் எங்கு நிறுத்தினாலும் அதே சீட்டு வரும்.
* ஒட்டுப்பூச்சுக் கட்டு - சீட்டின் ஒரு பக்கத்தில் சொரசொரப்பான பூச்சு இருப்பதால் இரண்டிரண்டு சீட்டுக்கள் இணைந்தே நகரும். பார்வையாளர் மனத்தில் நினைத்த சீட்டு மட்டும் கட்டில் திரும்பி இருப்பதாகக் காட்டும் வித்தைக்கு இது பயன்படுகின்றது.
* இருபுறச் சீட்டு - இருபுறமும் முகம் கொண்டது அல்லது இருபுறமும் முதுகு கொண்டது.

கணித முறை

கைத்திறனும் தந்திரச் சீட்டும் இன்றி, சீட்டுக்களின் வரிசையையும் எண்ணிக்கையையும் மட்டும் நம்பி நிகழும் வித்தைகளும் உள்ளன. 1958இல் நார்மன் கில்பிரெத் வெளியிட்ட கோட்பாடு இவ்வகையைச் சேர்ந்தது. சிவப்பும் கறுப்பும் மாறிமாறி அடுக்கிய கட்டிலிருந்து ஒரு பகுதியை ஒவ்வொரு சீட்டாக எண்ணி வைத்து, இரு பகுதிகளையும் ஒருமுறை கோத்துக் கலைத்தாலும், மேலிருந்து எடுக்கும் ஒவ்வோர் இணையிலும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் இருக்கும்.

ஒப்பீடு

* ஆய்வு - சாதாரணக் கட்டைப் பார்வையாளர் கையில் கொடுக்கலாம். தந்திரக் கட்டைக் கொடுக்க இயலாது. கேட்பதற்கு முன்பே அதனைச் சாதாரணக் கட்டாக மாற்றிவிட வேண்டும். அவ்வாறு மாற்றுவதற்கும் கைத்திறன் வேண்டும்.
* சூழல் - கைத்திறன் தெரிந்தவர் பிறர் தரும் கட்டைக் கொண்டும் வித்தை செய்யலாம். தந்திரச் சீட்டு, முதுகு வடிவமும் அளவும் ஒத்த கட்டுடனேயே பயன்படும்.
* பயிற்சி - தந்திரக் கட்டைச் சில மணி நேரத்தில் இயக்கக் கற்கலாம். எனினும் காட்சியை நடத்தும் திறன் அதனுடன் கிடைப்பதில்லை.
* விளைவு - கட்டைத் தொடாமலே நிகழ்வது போன்ற சில காட்சிகளைத் தந்திரச் சீட்டினால் எளிதாகவும் தெளிவாகவும் நிகழ்த்தலாம்.

இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வியன்னாவைச் சேர்ந்த யோகான் ஹோப்சின்சர் (1806-1875) இரண்டையும் இணைத்துக் கையாண்டவர். சாதாரணக் கட்டில் ஒரே ஒரு தந்திரச் சீட்டைச் சேர்த்து, அதனைக் கைத்திறனால் மறைப்பது இன்றும் பரவலான வழக்கம் ஆகும்.

தமிழக மரபு

கைத்திறன் வித்தைக்குத் தமிழில் செப்பிடு வித்தை என்னும் பெயர் உண்டு. செப்பு என்பது சிறு கிண்ணம். கவிழ்த்த கிண்ணங்களின் கீழ் உருண்டைகளைத் தோன்றவும் மறையவும் செய்வது இதன் அடிப்படை. இந்திய மரபில் வித்தைக்காரர் தரையில் அமர்ந்து, குமிழ் வைத்த மரக்கிண்ணங்களை விரலிடுக்கில் பிடித்து இயக்குவார். மேசையோ திரையோ இன்றிக் கூட்டம் நெருங்கிச் சூழ்ந்து நிற்பதால் விரல்களையே நம்ப வேண்டியுள்ளது.

ராமசாமி என்பவர் சென்னையிலிருந்து 1810களில் இங்கிலாந்து சென்ற குழுவைச் சேர்ந்தவர். கிண்ண வித்தை, வாள் விழுங்குதல் ஆகியவற்றால் லண்டனில் புகழ்பெற்றார். இந்திய வித்தைக்காரர்கள் பித்தளைப் பந்துகளைச் சுழற்றியதைக் கண்டு வியந்த வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் வெளிவந்த நூலில் அது பற்றிக் கட்டுரை எழுதினார். ராமசாமி 1850இல் லண்டனில் வறுமையில் இறந்தார்.

கருவி முறைக்கும் சென்னையில் எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கிலப் பதிவுகளில் சேஷால் எனக் குறிக்கப்படும் முதியவர் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரு கோலின்மீது கையை வைத்தபடி அந்தரத்தில் அமர்ந்து காட்டினார். அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் போர்வை பிடித்து மறைக்கப்பட்டது. கோலுக்குள் இருந்த இரும்புக் கம்பி, மான்தோல் சுருளின் வழியே அவரது ஆடைக்குள் இருந்த இருக்கையைத் தாங்கியது எனப் பின்னர் விளக்கப்பட்டது.

கிண்ண வித்தையும் காலப்போக்கில் கருவி வடிவம் பெற்றது. 1950களில் அமெரிக்க வித்தைக்காரர் அல் வீட்லி, காந்தம் பொருத்திய ஒற்றைக் கிண்ணத்தை அறிமுகப்படுத்தினார்.

மூன்று சீட்டு

திருவிழாக் கூட்டங்களிலும் பேருந்து நிலையங்களிலும் நடத்தப்படும் மூன்று சீட்டு, வித்தை ஏமாற்றாக மாறும் இடம் ஆகும். கவிழ்த்து வைத்த மூன்று சீட்டுக்களுள் ராணி எது எனக் கண்டுபிடித்தால் பணம் இரட்டிப்பாகும் என்பர். நடத்துபவர் ஒரே கையில் மேலும் கீழுமாக இரண்டு சீட்டுக்களைப் பிடித்திருப்பார். கீழ்ச்சீட்டைப் போடுவதாகக் காட்டி மேற்சீட்டைப் போடுவதே இதன் உத்தி. கூட்டத்தில் நின்று வெல்பவர் பெரும்பாலும் நடத்துபவரின் ஆள். ராணியின் முனை மடங்கியிருப்பதாக அவர் காதோடு சொல்வதும் பொறியின் பகுதியே. அம்மடிப்பு வேறு சீட்டுக்கு மாற்றப்பட்டிருக்கும். எனவே கூர்ந்து பார்ப்பதால் வெல்ல இயலாது.

கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் பொது இடத்தில் சூதாடுவது 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி குற்றம் ஆகும். ஏமாற்றுதல் 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் அடங்கும்.

மேடை வித்தைக்காரரும் மூன்று சீட்டு நடத்துபவரும் பயன்படுத்தும் அசைவு ஒன்றாக இருக்கலாம். முன்னவரிடம் தாம் ஏமாற்றப்படுவதைப் பார்வையாளர் அறிந்து இசைகிறார். பின்னவரிடம் அவ்விசைவு இல்லை.

இவற்றையும் பார்க்க

* செப்பிடு வித்தை
* கண்கட்டு வித்தை
* சீட்டாட்டம்