பதிலும் ஈடும்

இன்று 'பதில்' என்றவுடன் வினாவுக்குரிய விடை என்ற அர்த்தமே மனத்தில் முந்தி நிற்கிறதெனினும், அரபியில் 'பதல்' என்று வழங்கி இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்த இச்சொல்லின் ஆதிப்பொருள், ஒன்றின் ஸ்தானத்தில் மற்றொன்றை வைத்தல் என்பதேயாகும். வினாவுக்கு எதிரே வைக்கப்படுவது விடையாதலால், அப்பொருள் பின்னர்க் கிளைத்தது என்பது என் துணிபு.

பழம்பொருளை இலங்கைத் தமிழர் இன்றும் போற்றி வருகின்றனர். ஒருவர் இல்லாதபோது அவர் பதவியைக் கவனிப்பவரை நாம் 'பொறுப்பு' என்று அடைமொழியிட்டு எழுத, அவர்கள் 'பதில் நீதவான்', 'பதில் அதிபர்' என்கின்றனர். 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க முதலில் பதவியேற்றதும் 'பதில் ஜனாதிபதி'யாகத்தான். நம் ஆலைகளிலோ, வேலைக்கு வராதவனுடைய இடத்தில் அன்றைக்கு நிற்பவன் 'பதிலி'. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட அத்தியாயம், ஆலை வேலை கொடுக்க இயலாத நாட்களுக்குப் பதிவேட்டுத் தொழிலாளிக்குப் பாதி ஊதியம் தரச் சொல்லிவிட்டு, பதிலியை விலக்கியே வைத்தது. ஓராண்டு தொடர்ந்து உழைத்த பின்னரே அவ்விலக்கு நீங்கும்.

இங்கேதான் 'ஈடு' என்ற நம் சொல்லின் அருமை விளங்குகிறது. ஈடு சமமான மதிப்பைக் கேட்கும். பதிலுக்கோ இடம் நிரம்பினால் போதும். கள்ளச்சாராயத்தில் எத்தனால் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தனால் நின்றதனால், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்நகருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையில் சாமைக்குப் பதில் குச்சிக்கிழங்கு வந்திருக்கிறது. சாமை மழையை மட்டும் நம்பி நாலு மாதத்துக்குள் விளைந்துவிடும், உமியோடு குதிரில் கொட்டி வைத்தால் ஆண்டு கடந்தும் கெடாமலிருக்க, வேண்டியபோது உரலில் குத்திச் சோறாகவோ கூழாகவோ ஆக்கிக்கொள்ளலாம், தாள் மாட்டுக்கு. மரவள்ளியாகிய குச்சிக்கிழங்கோ பத்து மாதம் வரையிலும் நிலத்தைப் பிடித்துக்கொண்டு, பிடுங்கிய சில நாட்களிலேயே உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெடத் தொடங்குமாதலால், உடனே லாரியில் ஏற்றிச் சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு அனுப்பியே தீரவேண்டும். அங்கே மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் பார்த்து ஆலைக்காரர் சொல்வதே விலை. கைக்குப் பணம் வருகிறதென்பது மெய். ஆயினும் விலை விழுந்த வருஷம் குதிரில் எடுத்துண்ண ஒன்றுமிராது. குச்சிக்கிழங்கு சாமைக்குப் பதிலாயிற்றேயன்றி ஈடாகவில்லை.

மலைக்குத் திட்டம் தீட்டுவோர், சாமைக்கு உறுதியான கொள்முதல் விலையையும், ஊருக்கொரு அரவை இயந்திரத்தையும் முதலில் கொடுத்துவிட்டு, மாற்றுப் பயிரைப் பற்றி அப்புறம் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.