பாடுகளின் மரியா அன்னை (1839–1904)

மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவியவர். இயற்பெயர் எலென் த ஷப்போத்தேன். பிரான்சின் நாந்த் நகரில் பிறந்தார். 1865-இல் பரிகார மரியா சபைத் துறவியாக மதுரை மறைத்தளத்திற்கு வந்தார்.

திருச்சி, தூத்துக்குடியோடு, திருச்செந்தூரை அடுத்த அடைக்கலாபுரத்திலும் அச்சபைக்கு மடம் இருந்தது. உள்நாட்டுத் துறவியரைப் பயிற்றுவிப்பது அதன் முதன்மைப் பணி. 1876-இல் இவர் உட்பட இருபது சகோதரிகள் அச்சபையிலிருந்து பிரிந்து உதகை சென்றனர். மறு ஆண்டு இவரது புதிய சபை பிறந்தது.

1882-இல் அசிசி பிரான்சிஸின் மூன்றாம் சபையில் இணைந்தார். இவருடைய சபையே 1947-இல் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியது. 2002-இல் இவர் அருளாளர் பட்டம் பெற்றார்.