சீரற்ற எண்தொடரில் ஏறுவரிசை

ஒரு எண்தொடரில், எண்கள் நிற்கும் முறையைக் கலைக்காமல், சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் இடமிருந்து வலமாக எடுப்போம். எடுத்த ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிடப் பெரியதாக இருந்தால் அது ஏறு உள்தொடர். 5, 2, 8, 1, 6, 3, 9, 4, 7 என்ற தொடரில் 1, 3, 4, 7 அத்தகையது. இத்தொடரில் நான்கைவிட நீளமான ஏறு உள்தொடர் கிடையாது. எண்களைக் குலுக்கிப் போட்டால், மிக நீண்ட ஏறு உள்தொடர் எவ்வளவு நீளம் இருக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதன் முதல் தேற்றம் 1935இல் வெளிவந்தது. அந்த நீளம் எப்படிப் பரவியிருக்கும் என்பதற்கான விடை 1999இல்தான் கிடைத்தது.

தொடர் முழுவதும் ஏறுவரிசையில் விழுவது மிக அரிது. 10 எண்களை 36,28,800 விதமாக அடுக்கலாம். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் முழு ஏறுவரிசை. ஆனால் பகுதி ஒழுங்கு அப்படி அரிதானதன்று. மூன்று எண்களுக்கு உள்ள 6 அடுக்குகளில், மிக நீண்ட ஏறு உள்தொடரின் நீளம் ஒன்றில் 3, நான்கில் 2, ஒன்றில் 1. சராசரி சரியாக 2. எண்கள் பெருகும்போது இந்தச் சராசரி எப்படி வளர்கிறது என்பதுதான் கடினமான கேள்வி.

தவிர்க்க முடியாத ஒழுங்கு

ஹங்கேரியக் கணிதவியலாளர்கள் பால் எர்டோஷ், ஜார்ஜ் செக்கரெஷ் இருவரும் 1935இல் ஒரு வடிவியல் கட்டுரை வெளியிட்டனர். புடாபெஸ்ட் நண்பர் குழுவில் எஸ்தர் கிளைன் எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது அது. பின்னர் எஸ்தரும் செக்கரெஷும் மணந்துகொண்டதால், அந்தக் கேள்விக்கு ‘இனிய முடிவுக் கணக்கு’ என்று எர்டோஷ் பெயரிட்டார்.

அக்கட்டுரையில் உள்ள ஒரு தேற்றம் எண்தொடர்களைப் பற்றியது. வெவ்வேறான 10 எண்களை எப்படி அடுக்கினாலும், நீளம் 4 உள்ள ஏறுவரிசையோ இறங்குவரிசையோ அதில் இருந்தே தீரும். 17 எண்களானால் நீளம் 5. 26 எண்களானால் 6.

1959இல் செய்டன்பெர்க் இதற்குச் சுருக்கமான நிறுவல் தந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு குறிகள் இடுவோம்: அந்த எண்ணில் முடியும் மிக நீண்ட ஏறுவரிசையின் நீளம் ஒன்று, இறங்குவரிசையின் நீளம் மற்றொன்று. எந்த இரண்டு எண்களுக்கும் ஒரே சோடிக் குறி வராது. பின்னால் நிற்பது பெரியதானால் முதல் குறி கூடும், சிறியதானால் இரண்டாவது கூடும். குறிகள் மூன்றைத் தாண்டவில்லை என்றால் 9 சோடிகள்தான் உண்டு. பத்தாவது எண்ணுக்கு இடமில்லை. 3, 2, 1, 6, 5, 4, 9, 8, 7 என்ற தொடர் அந்த 9 இடங்களையும் நிரப்பி நிற்கிறது. அதன் கடைசியில் எந்தப் புதிய எண்ணைச் சேர்த்தாலும் நீளம் 4 வந்துவிடும்.

உலாமின் கேள்வி

எர்டோஷ்–செக்கரெஷ் தேற்றம் குறைந்தபட்ச உறுதியை மட்டுமே தருகிறது. வழக்கமாக எவ்வளவு கிடைக்கும் என்று 1961இல் கேட்டவர் ஸ்டானிஸ்லாவ் உலாம். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவர், சீரற்ற சோதனைகளைப் பலமுறை நடத்தி விடையை மதிப்பிடும் மான்டி கார்லோ முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1946இல் நோயிலிருந்து தேறிவந்தபோது, தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டத்தில் வெல்லும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றதே அம்முறைக்கு வித்திட்டது. ஏறுவரிசைக் கேள்விக்கும் அவர் சோதனை முறையில் விடை தேடினார். எண்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் சராசரி நீளம் கிடைக்கும் என்றும், அந்த மாறிலி சுமார் 1.7 என்றும் ஊகித்தார். வடிவம் சரி, மாறிலி சரியன்று.

சீட்டுக் குவியல்களும் யங் அட்டவணைகளும்

அதே 1961இல் கிரேக் ஷென்ஸ்டெட் இந்த நீளத்தைக் கண்டறியும் வழியை வெளியிட்டார். அதன் மையக் கருத்தைச் சீட்டுகளைக் கொண்டு சொல்லலாம். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேற்சீட்டு இதைவிடப் பெரியதாக உள்ள குவியல்களுள் இடது ஓரத்தில் இருப்பதன்மேல் வைக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையேல் வலப்புறம் புதுக் குவியல் தொடங்க வேண்டும். இறுதியில் எத்தனை குவியல்களோ அத்தனையே மிக நீண்ட ஏறுவரிசையின் நீளம். மேலே காட்டிய ஒன்பது எண் தொடரை இப்படி அடுக்கினால் நான்கு குவியல்கள் வரும்.

ஷென்ஸ்டெட்டின் முழு முறை ஒவ்வொரு வரிசைமாற்றத்தையும் ஒரு சோடி யங் அட்டவணைகளாக, அதாவது நிரைகளிலும் நிரல்களிலும் எண்கள் நிரப்பிய கட்ட உருவங்களாக, மாற்றுகிறது. அட்டவணையின் முதல் நிரை ஏறுவரிசையின் நீளத்தையும், முதல் நிரல் இறங்குவரிசையின் நீளத்தையும் காட்டும். கில்பர்ட் ராபின்சன் 1938லேயே இதை ஒட்டிய பொருத்தத்தைக் கண்டிருந்தார். 1970இல் டொனால்ட் க்னூத் அதை விரிவாக்கினார். குலுக்கலைப் பற்றிய கேள்வி, கட்டங்களாலான ஓர் உருவத்தின் வடிவம் பற்றிய கேள்வியாக மாறியது.

மாறிலி இரண்டு

1972இல் ஜான் ஹேமர்ஸ்லி, ஒரு சதுரத்தில் சீரற்றுத் தூவிய புள்ளிகளினூடே மேலும் வலமுமாகவே செல்லும் பாதை அதிகபட்சம் எத்தனை புள்ளிகளைத் தொடும் என்று கேள்வியை மாற்றிப் போட்டார். உலாம் எண்ணிய மாறிலி உண்மையில் உண்டு என்று இவ்வழியில் நிறுவினார். அது 2 என்றும் கருதினார். 1977இல் அமெரிக்காவில் பென் லோகன், லாரி ஷெப் இருவரும், சோவியத் நாட்டில் அனடோலி வெர்ஷிக், செர்கெய் கெரோவ் இருவரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டனர்: சீரற்ற வரிசைமாற்றங்கள் தரும் யங் அட்டவணைகள், எண்கள் பெருகப் பெருக, ஒரே குறிப்பிட்ட வளைகோட்டு வடிவத்தை நெருங்குகின்றன. அதிலிருந்து மாறிலி 2 என்பது உறுதியாயிற்று.

ஏற்ற இறக்கத்தின் விதி

அடுத்து எஞ்சியது, நீளம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பது. 1999இல் ஜின்ஹோ பைக், பெர்சி டெய்ஃப்ட், கர்ட் யோஹான்சன் மூவரும் இதற்கு முழு விடை தந்தனர். விலகலின் அளவு எண்ணிக்கையின் ஆறாம் மூலத்தைப் பொறுத்தது. அது பரவும் விதம் ட்ரேசி–விடோம் பரவல். அணுக்கரு இயற்பியலில் பயன்படும் சீரற்ற அணிகளின் மிகப் பெரிய ஐகென் மதிப்புக்காக 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது அது. இயல்நிலைப் பரவலைப்போல் இது இருபுறமும் ஒத்ததன்று. இடப்புறம் சட்டெனவும் வலப்புறம் மெல்லவும் சரிகிறது. ஆகவே ஏறுவரிசை வழக்கத்தைவிட மிகக் குட்டையாக அமைவது, மிக நீளமாக அமைவதைக் காட்டிலும் அரிது.

உலாமின் 1.7 எங்கிருந்து வந்தது என்பதும் இத்தேற்றத்தால் விளங்குகிறது. வர்க்கமூலத்தின் இரு மடங்கிலிருந்து ஆறாம் மூலத்தின் சுமார் 1.77 மடங்கு கழிய வேண்டும். 10,000 எண்களுக்குச் சராசரி 200 அன்று, சுமார் 192. திட்டவிலக்கம் 4 அளவில். சில நூறு எண்களே உள்ள தொடரில் இந்தக் கழிவு விகிதத்தில் இன்னும் கனமானது. அங்கே மாறிலி 1.7 போலவே தோன்றும்.

பயனும் தொடர்ச்சியும்

இரு மரபணுத் தொடர்களில் பொதுவாக உள்ள துண்டுகளை ஒரே வரிசையில் பொருத்தவும், கணினிக் கோப்பின் இரு பதிப்புகளை ஒப்பிடவும் மிக நீண்ட ஏறு உள்தொடரைக் காணும் முறை பயன்படுகிறது. 2010இல் ஜப்பானிய இயற்பியலாளர்கள் கசுமாசா தகேயுச்சி, மசாகி சானோ இருவரும் திரவப் படிகத்தில் பரவும் கொந்தளிப்பின் விளிம்பை அளந்தபோது, அதன் ஏற்ற இறக்கங்களும் ட்ரேசி–விடோம் பரவலையே பின்பற்றின. சீட்டுக் குவியல்களின் எண்ணிக்கைக்கும் திரவப் படிகக் கொந்தளிப்பின் விளிம்புக்கும் ஒரே விதி பொருந்துவது ஏன் என்ற ஆய்வு நிகழ்தகவியலில் இன்றும் நடந்துவருகிறது.