தாயல்லள், தமக்கை!

வடமொழியில் பிதா, ஆங்கிலத்தில் ஃபாதர். வடமொழியில் மாதா, ஆங்கிலத்தில் மதர். “பார்த்தீர்களா! ஆங்கிலமும் எங்கள் தேவமொழி ஈன்ற சேய்தான்!” என்று மேடையேறி முழங்குவோர் உளர். ஒப்புமை உண்மை, அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவோ புரட்டு! மொழிநூல் எனும் விளக்கை ஏந்தி அதனை ஆராய்வோம்.

1786-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் கூட்டம். நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ் உரையாற்றுகிறார். வடமொழியின் கட்டமைப்பைப் புகழ்கிறார். கிரேக்கத்தோடும் இலத்தீனோடும் அதற்குள்ள உறவைக் காட்டுகிறார். அத்துடன் நின்றாரா? இல்லை! இவையெல்லாம் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்கவேண்டும், அம்மூலம் இன்று மறைந்தும் போயிருக்கலாம் என்றார். புகழுரையைப் பொன்னேபோல் போற்றுவோர், இப்பின்னுரையை மட்டும் மறைப்பது ஏனோ?

பின்வந்த அறிஞர்கள் சான்றுகளைக் குவித்தனர். ‘இருக்கிறது’ எனும் பொருளில் வடமொழி ‘அஸ்தி’ என்கிறது; கிரேக்கம் ‘எஸ்தி’ என்கிறது. எட்டு எனும் எண் வடமொழியில் ‘அஷ்டௌ’, கிரேக்கத்தில் ‘ஒக்தோ’. மூலமொழியிலிருந்த அ, எ, ஒ என்ற மூன்று உயிர்களைக் கிரேக்கம் காத்தது. வடமொழியோ அவற்றை அகரமாக ஒன்றாக்கிவிட்டது. தாய் தொலைத்துவிட்ட அணிகலனை மகள் பிறக்கும்போதே பூண்டு வந்தாளோ? எனவே வடமொழி தாயல்லள், தமக்கை!

ஆங்கிலத்தின் இடம் எது? 1822-இல் யாகோபு கிரிம் ஒலிமாற்ற விதியை விளக்கினார். இலத்தீனில் ‘பிஸ்கிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. இலத்தீனில் ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. பகரம் ஃபகரமாயிற்று, ககரம் ஹகரமாயிற்று. இம்மாற்றம் செர்மானியக் கிளை முழுவதற்கும் உரியது. செர்மனும் டச்சும் ஆங்கிலத்தின் உடன்பிறப்புகள்.

அந்த ஆங்கிலமும் ஒருகாலத்தில் இழிமொழி எனத் தாழ்த்தப்பட்டதுதான்! 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையில் பிரெஞ்சு, ஆலயத்தில் இலத்தீன். ஆங்கிலமோ உழவன் குடிலில்! மாட்டை மேய்த்தவன் அதனை ‘கௌ’ என்றான். அதன் இறைச்சியை உண்ட பிரபு ‘பீஃப்’ என்றான். முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு வழி வந்தது. ஆயினும் ஆராய்ந்தால் இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் வழிவந்தவை! ஆண்டானின் சொல்லும் அடிமையின் சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! வடமொழியின் ‘கௌ’வும் அவ்வேரின் கிளையே. உயர்வு தாழ்வு சொல்லின் பிறப்பில் இல்லை; சொன்னவன் அமர்ந்திருந்த நாற்காலியில்தான் இருந்தது.

1362-இல், நீதிமன்றத்தில் ஆங்கிலத்திலேயே வழக்காடவேண்டும் எனச் சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பது வரலாற்றின் குறும்பு! எனினும் மக்கள் மொழி மன்றம் ஏறியது.

நம் தமிழ் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. 1816-இல் சென்னையில் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று எடுத்துரைத்தார். 1856-இல் கால்டுவெல் அதனை விரிவாக நிறுவினார். ஆதலின் ஆங்கிலத்தைப் பயில்வது அதன் பயன் கருதியே; வடமொழிக்குப் பணியவேண்டிய பிறப்புக் கடனோ நமக்கு ஏதுமில்லை.

மொழிகளில் தெய்வப் பிறவியும் இல்லை, தீண்டத்தகாத பிறவியும் இல்லை. இனி எவரேனும் பிதாவையும் ஃபாதரையும் காட்டி நம்மை மருட்ட வந்தால், “உறவு உண்டு, ஐயா! ஆனால் தாய் என்கிறீரே, அவள் தொலைத்த அந்த உயிரெழுத்துகள் எங்கே?” என்று கேட்போம்!