கயிறும் பலகையும்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ள பாயான் லெப்பாஸ் ஒரு காலத்தில் வயலும் மீனவர் வீடுகளும் நிறைந்த ஊர். 1972இல் அங்குத் தொழிற்பேட்டை அமைந்தது. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்கள் விடுமுறை நாளில் தீவின் வடக்கே பத்து ஃபிரிங்கிக் கடற்கரைக்குச் சென்றால், மோட்டார் படகு இழுக்க ஒருவர் நீரின்மேல் நின்றபடி வழுக்கிச் செல்வதைப் பார்க்கலாம். “அது படகு வைத்திருப்பவர்களின் விளையாட்டு, நமக்கு எதற்கு?” என்று நாம் திரும்பி வந்துவிடுவோம். ஆனால் அதன் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1922ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். ரால்ஃப் சாமுவேல்சன் என்னும் 18 வயது இளைஞர், பனியில் சறுக்குவதுபோல் நீரிலும் சறுக்க முடியுமா என்று பார்த்தார். முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பிறகு 8 அடி நீளப் பலகைகள் இரண்டை வாங்கி, முனைகளைக் கொதிநீரில் இளக்கி மேல்நோக்கி வளைத்தார். ஜூலை 2ஆம் நாள், அண்ணன் ஓட்டிய படகின் பின்னே, நீர்மேல் நின்றார். தம் கண்டுபிடிப்புக்கு அவர் உரிமைப் பத்திரம் வாங்கவில்லை. அவரே முன்னோடி என்று உலகம் ஒப்புக்கொள்ள 1966 வரை ஆயிற்று.

பலகை கிடைத்துவிட்டது. ஆனால் இழுக்கப் படகும் எண்ணெயும் வேண்டுமே! ஒரு படகு ஒரு நேரத்தில் ஓரிருவரைத்தான் இழுக்கும். இந்தத் தடையை 1960களில் நீக்கியவர் புரூனோ ரிக்சன் என்னும் ஜெர்மன் பொறியாளர். நம் கொடிமலை ரயிலை நினைத்துப் பாருங்கள். 1923இல் திறக்கப்பட்ட அந்த ரயிலின் பெட்டியில் இயந்திரம் இல்லை. மேலே உள்ள மோட்டார், இரும்பு வடத்தால் பெட்டியை இழுக்கிறது. ரிக்சனின் அமைப்பும் அதே வகைதான். ஒரு குளத்தைச் சுற்றி ஐந்தாறு கம்பங்கள். அவற்றின் உச்சியில் சக்கரங்கள். சக்கரங்களின் வழியே மின்மோட்டார் சுழற்றும் இரும்பு வடம். வடத்தில் தொங்கும் கயிறுகளைப் பிடித்துப் பலர் ஒரே நேரத்தில் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் குளத்தைச் சுற்றி வரலாம். சொந்தப் படகு வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் இருந்தால் போதும்.

இரண்டு பலகைகள் ஒன்றானது பின்னால்தான். 1985இல் டோனி ஃபின் என்பவர் அலைச்சறுக்குப் பலகையைச் சுருக்கியதுபோல் ‘ஸ்கர்ஃபர்’ என்ற பலகையை வெளியிட்டார். அது அதிகமாக மிதந்ததால் நீருக்குள்ளிருந்து எழுந்து நிற்பது சிரமமாக இருந்தது. 1990இல் ஹெர்ப் ஓபிரையன், மிதக்கும் தன்மையைக் குறைத்து ஒரு பலகை செய்தார். இன்றைய ‘வேக்போர்டு’ அந்த வழியில் வந்தது.

புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பலகையை எடுப்பது? உயரத்தைவிட உடல் எடையைப் பாருங்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஏற்ற எடையைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். இரண்டு அளவுகளுக்கு இடையே ஐயம் வந்தால் நீளமானதையே எடுங்கள். அது நிலையாக நிற்கும். முனையிலிருந்து முனைவரை சீராக வளைந்த பலகை பழகுவதற்கு எளிது. படகுக்கென்று செய்த பலகையை வடத்துக்கு வாங்க வேண்டாம். வடக்குளத்தில் சறுக்குமேடைகள் உண்டு. அவற்றில் உராய்ந்தாலும் தாங்கும் அடிப்பாகம் வடத்துக்கான பலகையில்தான் இருக்கும். காலணியின் முன்பகுதி திறந்திருந்தால் வெவ்வேறு பாத அளவினர் ஒன்றையே பயன்படுத்தலாம். முதல் சில தடவை வாடகைப் பலகையே போதும்.

நிற்கும் முறையும் எளியதே. முழங்காலை மடக்கிக் கையை நீட்டியே வைத்திருங்கள். கயிற்றை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். வடம் உங்களை இழுக்கட்டும். விழும்போது கைப்பிடியை உடனே விட்டுவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. தோட்டத்து ஆற்றிலும் பழைய ஈயக்குட்டையிலும் குளிக்கப் போய்த் திரும்பாத பிள்ளைகளை நாம் அறிவோம். அதனால் நீரைக் கண்டாலே, “கிட்டே போகாதே!” என்று அதட்டுகிறோம். அச்சம் நியாயமானது, ஆனால் அதட்டல் நீச்சல் கற்றுத் தராது. கண்காணிப்பாளர் இருக்கும் நீச்சல் குளத்தில் பிள்ளைக்கு முதலில் நீந்தக் கற்றுக் கொடுப்போம். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் வடக்குளத்தில் மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் அணியாமல் இறங்கக் கூடாது.

வடத்தால் இழுக்கப்படும் இந்த விளையாட்டு 2020ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இடம்பெற முயன்றது. 2013இல் அது தேர்வாகவில்லை. அதனால் குறையொன்றும் இல்லை. கொதிநீரில் பலகையை வளைத்த இளைஞரிடம் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. மூழ்கியபின் மறுபடியும் முயலும் துணிவு இருந்தது. அது நம் பிள்ளைகளிடமும் உண்டு. நீந்தும் பாடத்தை நாம் கொடுத்துவிட்டால், மற்றதை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.