ஹைதர்பாஷா நிலையத்தின் படிகள்

இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் கடலை நோக்கி நிற்கும் ஹைதர்பாஷா புகைவண்டி நிலையத்தை முதன்முறை காண்பவர், அது உதுமானியர் காலத்துக் கட்டடம் என்பதை எளிதில் ஒப்பமாட்டார். குவிமாடம் இல்லை, மினார் இல்லை. செங்குத்தாய்ச் சரியும் ஜெர்மானியக் கூரையும், முகப்பின் இரு மூலைகளிலும் உருண்டெழுந்து கூம்பி முடியும் கோபுரங்களுமே அதன் அடையாளங்கள்.

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் 1906-இல் பணி தொடங்கியது. ஓட்டோ ரிட்டர், ஹெல்முத் குனோ என்னும் ஜெர்மானியர் இருவர் அதனை வடிவமைத்தனர். பாக்தாது வரை நீளவிருந்த இருப்புப்பாதைக்கு இதுவே தலைவாயில். சுல்தானின் தலைநகரில் பெர்லினின் செல்வாக்கு எத்துணை ஆழ ஊன்றியிருந்தது என்பதை எந்த உடன்படிக்கையினும் தெளிவாக இக்கட்டடம் சொல்கிறது.

ஊன்றியது என்பது வெறும் உவமையன்று. கரையோர மண் இத்துணைப் பாரம் தாங்காது. ஆகவே 21 மீட்டர் நீளமுள்ள 1,100 மரக்கம்பங்களை நீராவிச் சம்மட்டியால் அடித்திறக்கி, அவற்றின்மேல் அடித்தளம் எழுப்பினர். தரையமைப்பு தமிழின் பகர எழுத்தை ஒத்தது. ஆனால் ஒரு கை நீண்டது, மற்றது குறுகியது. முகப்பிலிருந்து அகன்ற படிகள் நீர்விளிம்பை நோக்கி இறங்குகின்றன. அனத்தோலியச் சிற்றூர்களிலிருந்து வந்திறங்கியவர் பெருநகரை முதலிற் கண்டது இப்படிகளில் நின்றுதான். கட்டடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கோபுரங்களில் அன்று.

நிலையம் 1908-இல் திறக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1915 ஏப்ரல் 24 இரவு கைதான ஆர்மீனிய அறிஞர்கள் கடல்வழியே இங்குக் கொண்டுவரப்பட்டு, உள்நாட்டுக்கு வண்டியேற்றப்பட்டனர். கவிஞர்கள் டேனியல் வருஜானும் சியமாந்தோவும் அவ்வாண்டே கொல்லப்பட்டனர். இசைமேதை கோமிதாஸ் உயிருடன் மீண்டார், மனம் மீளவில்லை. கம்பங்களின் எண்ணிக்கையைத் தவறாமல் குறிக்கும் கட்டடக்கலை நூல்கள் பல, இப்பயணத்தைக் குறிப்பதில்லை.

1917-இல் இங்குக் குவித்திருந்த வெடிமருந்து வெடித்துக் கட்டடம் பெரிதும் சிதைந்தது, மீண்டும் செப்பனிட்டனர். நாஜிம் ஹிக்மத் சிறையிலிருந்து எழுதிய நெடுங்காவியமான ‘என் நாட்டின் மனிதக் காட்சிகள்’ 1941-ஆம் ஆண்டின் ஹைதர்பாஷாவில்தான் தொடங்குகிறது. வேலையற்றோரும் கைதிகளும் அதன் மாந்தர்.

2010 நவம்பர் 28 அன்று கூரை தீப்பற்றியது. 2013-இல் வண்டிகள் நின்றன. பின்னர் தண்டவாளங்களை அகற்றித் தோண்டியபோது, பழைய கால்செடோன் நகரின் சுவர்கள் வெளிப்பட்டன.